பூட்டிய ஷெட்டில் காணாமல் போன சீட்

“அங்கே உட்காராதீங்க!” என்று ஹார்லன் ஸ்டபிள்ஃபீல்டு அலறியதும், பிக்கெட் அந்த சோபாவில் உட்கார்ந்து முடித்ததும் ஒரே நேரத்தில் நடந்தன.

“பசை இன்னும் காயலை,” என்றார் ஹார்லன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“பரவால்லைங்க, என் பேன்ட்டும் அவ்வளவு புதுசு இல்லை,” என்றான் பிக்கெட்.

எழுந்திருக்கும் உத்தேசம் அவனுக்கு இல்லை. வாழ்க்கையில் பாதியை ரோடியோ மைதானங்களில் கோமாளியாகக் கழித்தவன் அவன். சவாரிக்காரன் கீழே விழுந்ததும் குறுக்கே ஓடி, காளையின் கவனத்தைத் தன் பக்கம் திருப்புவதுதான் வேலை. காளைகள் நன்றாகவே கவனித்ததில் அவனுடைய இடுப்பெலும்பு எதுவும் பழைய இடத்தில் இல்லை. அந்த இடுப்பு ஒரு சோபாவில் சுகம் கண்டுவிட்டால் லேசில் விடாது. மேலே பூப்போட்ட போர்வை விரித்திருந்த இந்த சோபாவோ, உட்கார்ந்தவனை அப்படியே வாங்கித் தாங்கிக்கொண்டது.

அவனுடைய முதலாளி ஓப்பல் ரென்ஃப்ரோ சன்னலோரம் ஒரு மரநாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ட்ரை க்ரீக் ஊருக்கு இருந்த ஒரே துப்பறிபவர் அந்த அம்மாள்தான். வாழ்நாளெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்றதும் இந்தத் தொழிலுக்கு வந்தவர். யார் பொய் சொல்லும்போது எந்த இடத்தில் மூச்சு வாங்குவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. போன மாதம் ஸ்டேஷன் மாஸ்டரின் பல் செட் மாயமான வழக்கை, காதை மட்டும் வைத்தே முடித்தார்.

“சொல்லு நடீன், என்ன போச்சு?” என்றார் ஓப்பல்.

ஹார்லனின் மனைவி நடீன் குளிர்ந்த தேநீரையும், பீச் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ பண்டத்தையும் மேசைமேல் வைத்த வேகத்தில் தட்டு குதித்தது. “என் சீட்டு! பூட்டின ஷெட்டுக்குள்ளேர்ந்து என் சீட்டைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க ஓப்பல்!”

சீட் என்றால் கார் சீட். அந்தக் காரைப் பற்றி ட்ரை க்ரீக்கில் தெரியாதவர்கள் இல்லை.

ஹார்லன் ஆறு வருடமாகத் தன் வீட்டு ஷெட்டில் முப்பத்திரண்டாம் வருடத்து கூபே கார் ஒன்றை, ஹாட் ராட் என்னும் பந்தயக் காராக மாற்றிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் மீசை முளைத்தவனுக்கெல்லாம் இந்த வியாதி உண்டு. பழைய கார் ஒன்றைப் பிடிப்பார்கள். அதிலிருந்து வேண்டாததைக் கழற்றி எறிவார்கள், பெரிய இஞ்சினை உள்ளே திணிப்பார்கள், கூரையைத் தாங்கும் கால்களில் சில அங்குலம் அறுத்து எடுத்துவிட்டு மிச்சத்தைப் பற்றவைத்துக் குட்டையாக்குவார்கள். பிறகு பாலைவனத்துக்குள் இருக்கும் எல் மிராஜ் வறண்ட ஏரிக்குக் கொண்டுபோய்ப் புழுதி பறக்க ஓட்டிக் காட்ட வேண்டும். மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் கார் முடிந்துவிடும். ஹார்லனின் கார் ஷெட்டை விட்டு இதுவரை ஒரே ஒருமுறைதான் வெளியே வந்திருக்கிறது. அதுவும் பின்சுவரை உடைத்துக்கொண்டு. பின் அச்சைத் தலைகீழாக மாட்டிவிட்டதால் முன்னே போக ஒரு கியரும் பின்னே போக மூன்று கியரும் அமைந்துவிட்டன. சுவருக்கு அந்தப் பக்கம்தான் கோழிக்கூடு இருந்தது.

அச்சைத் திருப்பி மாட்டிய பிறகு, இஞ்சின் மூடிகளுக்கு அடித்த கறுப்பு பெயின்ட் நன்றாகச் சுருங்கிப் பிடிக்க வேண்டும் என்று நடீனின் ஓவனில் வைத்துச் சுட்டார். அந்த வருடத்து நன்றித் திருநாள் வான்கோழி கறுப்பு பெயின்ட் வாசனையோடு மேசைக்கு வந்தது. சாப்பிட வந்த பாதிரியார் அதன் பிறகு இந்தத் தெருவிலேயே நடப்பதில்லை. இஞ்சினை முதன்முதலாகக் கிளப்பியபோது சைலன்சர் மாட்ட மறந்துபோனார். எதிர்வீட்டுக் கிழவர் ரஷ்யாக்காரன் வந்துவிட்டான் என்று நிலவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். அவரை வெளியே வரவழைக்க ஷெரிஃபே வந்து ரஷ்யா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வரைபடம் காட்ட வேண்டியிருந்தது.

“என் ஓவன் போச்சு, கோழிக்கூடு போச்சு,” என்றார் நடீன். “துணி காயப்போடற கம்பியைக் கூட இந்த மனுஷன் எடுத்து பிரேக்குக்கு மாட்டிக்கிட்டான். நான் வாயைத் திறந்தேனா? போன குளிர்காலம் பூரா உக்காந்து, நல்ல சிவப்பு ரெக்சின் வாங்கி, குதிரைமுடியும் பஞ்சும் அடைச்சு, பொத்தான் வச்சு, விரல் மரத்துப்போற வரைக்கும் அந்த சீட்டைத் தைச்சேன். அந்தக் கார்ல என்னோடதுன்னு இருந்தது அது ஒண்ணுதான் ஓப்பல்.”

கடைசி வாக்கியத்தில் அவருக்குக் குரல் தழுதழுத்தது. தழுதழுத்ததற்காகவும் சேர்த்துக் கோபம் வந்தது.

“நாளைக்கு ஏரியில ஓட்டம். அந்த சீட்டுல உக்காந்து இவன் ஓட்டணும், பக்கத்துல நான் உக்காரணும். சீட்டு வரலைன்னா எனக்கு அந்தக் காரே வேண்டாம். திங்கட்கிழமை எமெட் கொக்கியோட வருவான். சொல்லி வச்சாச்சு.”

எமெட் பழைய இரும்புக் கடைக்காரர். அவர் கொக்கியில் மாட்டி இழுத்துப்போன கார் எதுவும் முழுசாகத் திரும்பியதில்லை. அதைக் கேட்டதும் ஹார்லன் நின்ற இடத்திலேயே தளர்ந்துவிட்டார்.

“நடீன், ஒரு ஆரஞ்சுப் பெட்டியைப் போட்டு உக்காந்து ஓட்டிடலாமே. எத்தனையோ பேரு...”

“பெட்டியில உக்கார நான் என்ன ஆரஞ்சா?”

பிக்கெட் தேநீரைக் குடிப்பது போல் முகத்தை மறைத்துக்கொண்டான். ஓப்பல் மட்டும் சிரிக்காமல், “யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டார்.

நடீன் ஏப்ரன் பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து மேசைமேல் போட்டார். அதன் முதுகில் ‘பர்ச் சலூன்’ என்று அச்சிட்டிருந்தது. “ஷெட்டு வாசல்ல கிடந்தது. லாய்டு பர்ச்சோட கடைச் சீப்பு. நாளைக்கு அவனும் ஓட்டறான். இவன் கார் ஓடக்கூடாதுன்னு நினைக்கிற ஒரே ஆளு அவன்தான். சாயங்காலத்துக்குள்ள அவன் ஒத்துக்கலைன்னா நான் ஷெரிஃபைக் கூப்பிடுவேன்.”

“ஷெரிஃப் எதுக்கு நடீன்?” என்றார் ஹார்லன். “ஒரு சீட்டுக்குப் போய்...”

“ஒரு சீட்டா?”

ஹார்லன் ஓரடி பின்வாங்கினார். ஆள் நல்ல உயரம். இந்த ஊரில் தூங்கும்போதுகூடத் தொப்பியைக் கழற்றாத மனுஷன் என்று பெயர் வாங்கியவர், இன்று வெறும் தலையோடு நின்றார். தலை என்றால் சும்மா வெறும் தலை இல்லை. முடியை ஒட்டச் சிரைத்திருந்தார். உச்சியில் ஒரு பிளாஸ்திரி.

“மொட்டை எதுக்குங்க, வேண்டுதலா?” என்றான் பிக்கெட்.

“வெயில்,” என்றார் ஹார்லன்.

“வெயிலுக்குத் தொப்பிதானே போடுவாங்க?”

“பிக்கெட்,” என்றார் ஓப்பல், “சோபாவை விட்டு எழுந்திரு. ஷெட்டைப் பார்த்துட்டு வரலாம். நடீன், நான் வந்து சொல்ற வரைக்கும் டெலிபோனைத் தொடாதே. சோபாவை யாரு சரி பண்ணினா, ஆள் வச்சா?”

“இவனேதான். புதன்கிழமை சாயங்காலம் நான் சர்ச் விருந்துக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பண்ணி வச்சிருந்தான். மெத்தை குழிஞ்சு கிடக்குன்னு ரெண்டு வருஷமா கத்திட்டிருந்தேன். பசை காயற வரைக்கும் உக்காராதேன்னான், நானும் உக்காரலை. மறுநாள் காலையில பார்த்தா ஷெட்டுல சீட்டைக் காணோம். ஒரு நல்லது நடந்தா பின்னாடியே ஒரு கெட்டது வருது பாருங்க.”

ஷெட்டின் பூட்டு முழுசாக இருந்தது. பின்சுவரைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். சாவி ஒன்றே ஒன்றுதான், அது ஹார்லனின் கழுத்தில் கயிற்றில் தொங்கியது.

“குளிக்கும்போதும் கழட்ட மாட்டீங்களா?” என்று ஓப்பல் கேட்டார்.

“மாட்டேன்.”

“கல்யாண மோதிரத்தைக் கழட்டி ஆணியில மாட்டியிருக்கார் பாஸ்,” என்றான் பிக்கெட். “சாவியைக் கழட்டலை. முன்னுரிமைன்னு ஒண்ணு இருக்கில்ல.”

பிறகு அவன் காரைப் பார்த்தான், நக்கல் நின்றுபோனது. அடர்ந்த கறுப்பில், தரையோடு தரையாக, பாயத் தயாராக உட்கார்ந்திருந்தது. கூரை அவ்வளவு தாழ்ந்திருந்ததில் சன்னல்கள் தபால் பெட்டியின் வாய் அளவுக்குத்தான் இருந்தன. அதைப் பார்த்தால் ஆறு வருடத்துப் பைத்தியக்காரத்தனம் முழுவதையும் மன்னிக்கத் தோன்றியது. இதையா எமெட்டின் கொக்கியில் மாட்டுவது என்று பிக்கெட் நினைத்தான்.

“கூரையில எவ்வளவு எடுத்தீங்க?” என்றார் ஓப்பல்.

“ஆறு அங்குலம்.” அன்று முதல் தடவையாக ஹார்லனின் மார்பு நிமிர்ந்தது. “லாய்டு நாலுதான் எடுத்தான்.”

காருக்குள் சீட் இருந்த இடத்தில் ஓர் ஆரஞ்சுப் பெட்டி கிடந்தது. குள்ளமான பிக்கெட் உள்ளே நுழைந்து அதன்மேல் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். “பாஸ், எனக்காகவே அளந்து செஞ்ச மாதிரி இருக்கு.”

“உனக்குப் பொருந்தினா அது தொட்டில்,” என்றார் ஓப்பல். அவர் குனிந்து, சீட்டை முடுக்கியிருந்த போல்ட் துளைகளைப் பார்த்தார். “திருடன் நல்ல குடும்பத்துப் பிள்ளையா இருக்கணும். போல்ட்டையெல்லாம் கழட்டி, துடைச்சு, ஒரு டப்பாவுல போட்டு மூடி வச்சிட்டுப் போயிருக்கான்.”

ஹார்லன் இருமினார். சட்டைப் பையில் தடிமனான பர்ஸ் ஒன்று துருத்திக்கொண்டு நின்றது, இருமும்போது அது வெளியே விழப் பார்த்தது. அவர் அதைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

சலூனுக்கு நடந்தே போனார்கள். வழியில் பிக்கெட், லாய்டு சீட்டை எப்படி எடுத்துப் போயிருக்கலாம் என்று ஒரு திட்டம் சொன்னான். அதில் ஓர் ஏணி, ஒரு கழுதை, பூட்டைத் திறக்கத் தெரிந்த ஒரு மைத்துனன் எல்லாம் இருந்தன. ஓப்பல் வாயில் ஒரு புதினா மிட்டாயைப் போட்டுக்கொண்டு, லாய்டுக்கு மைத்துனன் கிடையாது என்று மட்டும் சொன்னார்.

பர்ச் சலூனில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். காத்திருந்தவர்கள் வரிசையாகத் திரும்பிப் பார்த்தார்கள். பிக்கெட்டுக்கு ஏதோ தலை சுற்றுவது போல் இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். சுற்றல் அவன் தலையில் இல்லை. முடி வெட்டி முடித்தவர்கள் எல்லாருக்கும் இடது கிருதா காதுக்கு மேலேயும் வலது கிருதா தாடைக்குப் பக்கத்திலும் நின்றது. ஒருத்தர் மீசைகூடச் சரிவாக இருந்தது.

“பாஸ், ஊரே இடது பக்கம் சாய்ஞ்சிருக்கு,” என்று கிசுகிசுத்தான்.

“ஊர் இல்லை. அங்கே பாரு,” என்றார் ஓப்பல்.

லாய்டு பர்ச் கத்திரியோடு திரும்பினார். தலை இடது தோளில் சாய்ந்து அப்படியே நின்றது. தலை சாய்ந்த மனுஷன், தன் கண்ணுக்கு நேராகத் தெரிவதைப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தார்.

“கழுத்துக்கு என்ன லாய்டு?”

“தலையணை சரியில்லை ஓப்பல். என்ன விஷயம்?”

ஓப்பல் சீப்பைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். லாய்டு கத்திரியைக் கீழே வைத்தார். “நானா? அவன் சீட்டைத் திருடி நான் என்ன பண்ணட்டும், வர்ற கஸ்டமரை அதுல உக்கார வைக்கவா? இங்க பாரு, அவன் நாளைக்கு வரணும். வந்தாத்தானே அவன் எங்கிட்ட தோக்க முடியும்? ஆறு வருஷமா அவனை ஜெயிக்கணும்னு காத்திருக்கேன். ஷெட்டுக்குள்ளேயே கிடக்கிற காரை எப்படி ஜெயிக்கிறது?”

“சீப்பு அங்கே எப்படிப் போச்சு?”

“நான் குடுத்தது. முடி வெட்ட வர்றவங்களுக்கு எல்லாம் ஒண்ணு குடுப்பேன். திங்கட்கிழமை வந்தான் உங்க ஹார்லன். என் கடைக்கு! நாற்காலியில உக்காந்து, ‘எவ்வளவு ஒட்ட முடியுமோ அவ்வளவு ஒட்ட எடு லாய்டு’ன்னான். எடுத்தேன். கண்ணாடியில பார்த்துட்டு, ‘இன்னும் கொஞ்சம் ஒட்ட’ன்னான். ‘இதுக்கு மேல போனா மூளைதான்டா இருக்கு’ன்னேன். மொட்டையா அனுப்பறோமேன்னு நக்கலுக்கு ஒரு சீப்பைக் கையில குடுத்து அனுப்பினேன்.”

கடை சிரித்தது. ஓப்பல் சிரிக்கவில்லை. “கூரையை அறுக்கறதுக்கு முன்னாடி உயரம் எப்படி அளப்பீங்க லாய்டு?”

“இது என்ன கேள்வி? எல்லாரும் பண்றதுதான். கார் கட்டும்போது சீட்டு ஏது? ஒரு ஆரஞ்சுப் பெட்டியைப் போட்டு உக்காந்துக்குவோம். தலைக்கு மேல கையை வச்சு, எங்க இடிக்குதுன்னு பார்த்து, அங்க கோடு போட்டு அறுத்துடுவோம்.”

“சீட்டு அப்புறம்தான் வரும்.”

“அப்புறம்தான் வரும்,” என்றார் லாய்டு. சொல்லிவிட்டு ஓப்பலின் பார்வை தன் கழுத்தில் நிற்பதைக் கவனித்தார். சட்டென்று திரும்பி அடுத்த ஆளின் இடது கிருதாவை எடுத்துவிட்டார். “தலையணைதான்,” என்றார் மறுபடியும்.

வெளியே வந்ததும் ஓப்பல் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிக்கெட் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. காளை முட்ட வந்தபோதுகூட அவன் இவ்வளவு பயந்ததில்லை.

“பாஸ், தண்ணி வேணுமா?”

“பிக்கெட், உன் பர்சை எங்கே வச்சிருக்கே?”

“பின் பாக்கெட்டுல. எல்லா ஆம்பிளையும் அங்கதானே வைப்பான்.”

“ஹார்லன்?”

“சட்டைப் பையில.” பிக்கெட்டின் புருவம் மேலேறியது.

“தொப்பி?”

“போடலை.”

“முடி?”

“சிரைச்சாச்சு.”

“உச்சந்தலையில?”

“பிளாஸ்திரி.”

“தலைக்கு மேல இருந்ததையெல்லாம் எடுத்துட்டான். உக்கார்ற இடத்துக்கு அடியில இருந்ததையும் எடுத்துட்டான். அப்படின்னா அந்த மனுஷன் என்ன பண்ணப் பார்க்கிறான்?”

பிக்கெட் நடுத்தெருவில் நின்றுவிட்டான். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது, அவனுக்குக் காதில் விழவில்லை. “குட்டையாகப் பார்க்கிறான்!” என்று கத்தினான்.

“லாய்டோட கழுத்துக்கும் இதே வியாதிதான், தலையணை இல்லை. வா, நடீன் போனை எடுக்கறதுக்குள்ள போகணும்,” என்றார் ஓப்பல்.

நடீன் போனை எடுத்துவிட்டிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பெண்தான், ஆனால் பொறுமையைக் காப்பாற்றும் பெண் இல்லை. ஹார்லன் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். எக்ஸ்சேஞ்ச் பெண்ணின் குரல் குழாய் வழியாக வெளியே கேட்டது. ஓப்பல் போனை வாங்கி, “ராங் நம்பர் கண்ணு,” என்று சொல்லி வைத்தார்.

“லாய்டு எடுக்கலை நடீன்.”

“அப்ப யாரு?”

“புதன்கிழமை சாயங்காலம் இந்த வீட்டுல ரெண்டு அதிசயம் நடந்திருக்கு. பூட்டை உடைக்காம ஒரு சீட்டு மாயமாச்சு. ரெண்டு வருஷமா அசையாத புருஷன், சொல்லாமலே சோபாவைச் சரி பண்ணினான். ஒரே சாயங்காலத்துல ரெண்டு அதிசயம் நடந்தா, அது ரெண்டும் ஒரே அதிசயம்தான். பிக்கெட், அந்தப் போர்வையை எடு.”

“பசை...” என்றார் ஹார்லன்.

பிக்கெட் பூப்போட்ட போர்வையின் முனையைப் பிடித்து இழுத்தான். சோபாவின் மரச்சட்டத்துக்குள், அளவெடுத்தது போல் பொருந்தி, பொத்தான்களோடு பளபளவென்று சிவப்பாக உட்கார்ந்திருந்தது நடீனின் சீட். காலையில் தான் அனுபவித்த சுகத்தின் காரணம் அப்போதுதான் பிக்கெட்டுக்குப் புரிந்தது. சாட்சிப் பொருளின் மேலேயே உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறான்.

நடீன் சீட்டைப் பார்த்தார், ஹார்லனைப் பார்த்தார். கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை, அதுதான் ஹார்லனைக் கொன்றது.

“தலை இடிக்குது நடீன்,” என்றார். “ஞாயித்துக்கிழமை நீ தூங்கினப்புறம் சீட்டை மாட்டி உக்காந்து பார்த்தேன். கூரை தலையில உக்காருது. தொப்பியைக் கழட்டினேன். முடியை எடுத்தேன். பர்சை எடுத்தேன். இன்னும் ஒரு விரக்கடை இடிக்குது. சீட்டுக்குக் கீழே சட்டம் இருக்கு, இறக்க இடமில்லை. பெட்டியில உக்காந்துதான் அளந்தேன், சீட்டு அதைவிட உசரமா வரும்னு தோணவே இல்லை. நாலு எடுத்திருந்தா சரியா இருந்திருக்கும். லாய்டு நாலு எடுத்தான்னு நான் ஆறு எடுத்தேன். ஊர் பூரா ஆறு ஆறுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்.”

“அதை எங்கிட்ட சொல்ல என்ன?”

“சொன்னா நீ சீட்டைப் பிரிப்பே.”

நடீன் சோபாவை விட்டு விலகினார். பிறகு தையல் பெட்டியைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்தார். சீட்டின் முன் மண்டியிட்டு, ஓரத் தையலை விரலால் தடவித் தேடினார். அந்தத் தையலைப் போட ஒரு குளிர்காலம் ஆகியிருந்தது. “ரெண்டு பிடி பஞ்சை உருவினா போதும்,” என்றார், யாரையும் பார்க்காமல். “கொஞ்சம் சுருங்கும். சுருங்கினா சுருங்கட்டும். கார் எமெட்டுக்குப் போக வேண்டாம்.”

கத்திரி நூலைத் தொடுவதற்குள் ஹார்லன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம். அதுல கை வைக்காதே.”

“அப்புறம் எப்படி நாளைக்கு...”

ஹார்லன் குனிந்தார். சீட்டைச் சோபாவிலிருந்து தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். பிக்கெட் பின்னாலேயே ஓடினான். சீட் உள்ளே போனது, போல்ட்டுகள் டப்பாவிலிருந்து வெளியே வந்தன. பிறகு ஹார்லன் சுவரிலிருந்து தகரம் அறுக்கும் ரம்பத்தை எடுத்தார். சாக்குக்கட்டியைப் பிக்கெட்டின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய், நடீனின் சீட்டில் உட்கார்ந்து, கழுத்தை மடக்கித் தலையைக் கூரையில் முட்டினார்.

“சுத்தி ஒரு வட்டம் போடு,” என்றார்.

“ஐயா, இது உங்க கூரைங்க,” என்றான் பிக்கெட். “ஊர்லயே தாழ்வான கூரை.”

“தெரியும். போடு.”

வாசலில் நடீன் வந்து நின்றார், கையில் இன்னும் கத்திரிக்கோல். ரம்பம் தகரத்தில் இறங்கியபோது எழுந்த சத்தத்துக்கு எதிர்வீட்டுக் கிழவர் நிலவறைக் கதவைச் சாத்துவது கேட்டது. ஹார்லனின் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் ரம்பம் நிற்கவில்லை. வட்டத் தகரம் டங்கென்று தரையில் விழுந்ததும் நடீன் உள்ளே வந்து, கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ஓட்டையின் விளிம்பு கழுத்தை அறுக்காமல் இருக்க மிச்சமிருந்த சிவப்பு ரெக்சினை மடித்துத் தைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் எல் மிராஜில் வரிசையாக நின்ற கார்களில், கூரைக்கு மேல் ஆளின் தலை இருந்த கார் ஒன்றுதான். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்ட அந்தத் தலை, சிவப்புக் காலருக்கு நடுவே கம்பீரமாக நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடீன் குட்டை என்பதால் அவருக்குக் கூரை இடிக்கவில்லை. நேரம் குறிப்பவர்கள் கூடிப் பேசினார்கள். விதிப்படி தலைக்கு ஹெல்மெட் வேண்டும், தலை எங்கே இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்று கடைசியில் முடிவாயிற்று. லாய்டு சிரித்த சிரிப்பில் அவர் கழுத்து சொடக்கென்று நிமிர்ந்துவிட்டது. நிமிர்ந்ததை அவர் நம்பாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கொடி விழுந்தது. கறுப்பு கூபே ஏரியின் வெள்ளைத் தரையில் பாய்ந்தது. பிக்கெட் தன் தொப்பியைக் கழற்றி வீசிக் கத்தினான். அன்றைய ஓட்டத்தில் அது வேகமான கார் இல்லை. ஆனால் ஓடியது, எல்லையைத் தாண்டியது, திரும்பியும் வந்தது.

கார் நின்றதும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். ஹார்லனின் முகத்தில் பல் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது, மற்றதெல்லாம் புழுதி. கொடிக்காரர் ஆர்வில் கூரையைத் தட்டிப் பார்த்தார்.

“யோவ் ஹார்லன், எதுக்குய்யா இந்த ஓட்டை? காத்து வரவா?”

கூட்டம் காது கொடுத்தது. பிக்கெட் ராத்திரி முழுக்க யோசித்து நல்ல நல்ல பொய்யாகச் சேர்த்து வைத்திருந்தான். காற்றழுத்தம், கிழக்கில் வந்திருக்கும் புது மோஸ்தர், டாக்டர் சொன்ன வைத்தியம். அவன் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வாயசைத்துக் காட்டினான். ஓப்பல் அவன் விலாவில் ஒரு குத்து விட்டார்.

ஹார்லன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். லாய்டை ஒரு தடவை பார்த்தார்.

“கூரையை நான் தப்பா அறுத்துட்டேன்,” என்றார். “சீட்டு என் பொண்டாட்டி தைச்சது. அது சரியா இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. காருக்குள்ளிருந்து நடீனின் குரல் வந்தது.

“பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலை ஹார்லன்.”

ஹார்லன் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, இன்னும் சத்தமாகச் சொன்னார்.